என் தங்கை பேரில் ஒரு மனை

1

இந்த வாரம் எங்கள் ஊர் மன்ற அலுவலகத்திலிருந்து ஹெதர் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். 'சென்ற ஆண்டு நீங்கள் கொடுத்த சொத்து விவரத்தில் மாற்றம் ஏதாவது உண்டா? இருந்தால் திருத்தி அனுப்புங்கள். இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி போதும்.' இவ்வளவுதான் கடிதம். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம்மூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் இருப்பது நியூசிலாந்தின் தென் தீவில், மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கும் ஒரு சிறிய ஊரில். மாட்டுக்குப் புல் வேண்டும், புல்லுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட வேண்டும். பூமியில் எங்கே துளை போட்டாலும் பக்கத்தில் ஒரு திருச்செங்கோட்டுக்காரன் நிற்பான் என்று கிண்டல் செய்வார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் வந்து சேர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் லாரியும் போர் போடுகிற ரிக் வண்டியும்தான் தொழில். இங்கே ஒரு கம்பெனியில் அதே வேலையைச் சம்பளத்துக்குப் பார்க்கிறேன்.

பண்ணைக்காரர்களோடு பழகிய பழக்கம், போன தேர்தலில் 'தண்ணீர் விஷயம் தெரிந்த ஒருவன் மன்றத்தில் வேண்டும், நீ நில்' என்று ஏற்றிவிட்டார்கள். நின்றேன். அதிசயமாக ஜெயித்தும் விட்டேன். மன்றத்துச் செயலாளர்தான் ஹெதர். அவரை நான் மேடம் மேடம் என்று கூப்பிட, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

ஜெயித்த கையோடு அவர் ஒரு படிவத்தை நீட்டினார். மன்றத்தில் உட்காருகிறவர்கள் தங்களுக்கு எங்கே நிலம் இருக்கிறது, எந்தக் கம்பெனியில் பங்கு இருக்கிறது, யாரிடம் பரிசு வாங்கினார்கள் என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் சுருக்கம் இணையத்தில் வரும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நமக்கு இது புதிதில்லை. நாமக்கல் பக்கம் தேர்தல் வந்தால் வேட்பாளரின் சொத்துப் பட்டியல் பேப்பரில் வரும், டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார். "சொந்தமாக் காரே இல்லையாமப்பா! பாவம், டவுன் பஸ்ஸுலதான் வந்து ஓட்டுக் கேட்டாரு போல!" என்று யாராவது எடுத்துக் கொடுக்க, கடையே சிரிக்கும். எல்லாம் பெண்டாட்டி பேரில், மச்சான் பேரில், மாமியார் பேரில் இருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்வோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் வீட்டுச் சொத்து யார் பேரில் இருந்தது என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை.

2

வண்டியோ, காடு என்று நாங்கள் சொல்லும் விவசாய நிலமோ, மனையோ வாங்கும்போது, காசு யாருடையது என்பது ஒரு பேச்சு, யார் பேரில் எழுதுவது என்பது வேறு பேச்சு. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. இரண்டாவதற்கு ஜோசியர்தான் பதில் சொல்வார். வீட்டில் யார் பேர் ராசியோ அவர் பேரில் எழுதிவிடுவோம். அதில் ஒளிவுமறைவு எதுவும் இருப்பதாக நாங்கள் நினைத்ததே கிடையாது. நல்ல நேரம் பார்ப்பது மாதிரி, நல்ல பேர் பார்ப்பது.

எங்கள் வீட்டில் ராசியான பேர் என் தங்கை பூங்கொடியுடையது. அவள் பிறந்த வருஷம் அப்பா எடுத்த லாரி ஒரு தடவைகூட மக்கர் பண்ணாமல் ஓடியதாம். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். அடுத்த லாரி அவள் பேரில். ரிக் வண்டியில் எங்கள் பங்கு அவள் பேரில். புது ரிக் முதல் துளை போடும் பாயிண்டுக்குப் போகும்போது பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைத்து, அவளைக் கூட்டிப்போய்த் தேங்காய் உடைக்கச் சொல்வார்கள். பத்திரங்களைப் பார்த்தால் அந்தப் பாவாடை சட்டை ஒரு பெரிய முதலாளி. அவள் கையில் பஸ்ஸுக்குச் சில்லறை மட்டும்தான் இருக்கும்.

அவள் படித்தாள். பரீட்சை எழுதி வருவாய்த் துறையில் வேலை வாங்கினாள். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் சொத்து விவரம் எழுதிக் கொடுக்க வேண்டுமல்லவா? முதல் தடவை அந்தப் படிவம் வந்த அன்றைக்குச் சாயங்காலம் நேராக அப்பா முன்னால் வந்து நின்றாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அப்பா, என்ற பேர்ல இருக்கறதையெல்லாம் மாத்திப்போடுங்க."

"ஏஞ்சாமி, வெறும் பேருதானே. உன்றகிட்ட யாரு காசு கேட்டா?"

"அந்தப் பேருக்குத்தானுங்கப்பா நான் கணக்குச் சொல்லோணும். எனக்குன்னு குடுத்தா எனக்குன்னு எழுதறேன். பேருக்குன்னா எனக்கு வேண்டாங்க."

அப்பா முனகினார், அம்மா அழுதாள், ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் 'வேலைக்குப் போனதும் திமிரு வந்திருச்சு' என்றது. அவள் அசையவில்லை. ஒன்றொன்றாக எல்லாவற்றையும் மாற்றினார்கள். அதற்கப்புறம் எங்கள் ரிக் ஒன்று ஆந்திராவில் போய்க் குழிக்குள் மாட்டி நஷ்டமானபோது, 'பூங்கொடி பேரை எடுத்ததுதான் காரணம்' என்று அவள் காதுபடவே சொன்னார்கள். கேட்டுக்கொண்டு தன் வேலைக்குப் போய்வந்தாள்.

அப்பா போன பிறகு காட்டை விற்றோம். அவளுக்கும் அதில் பாத்தியதை உண்டு. தன் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எனக்கும் எங்க ஊட்டுக்காரருக்கும் வர்ற சம்பளம் எங்களுக்குப் போதுமுங்கண்ணா" என்று சொல்லி, எனக்கு டீ போட உள்ளே போய்விட்டாள். நான் டீயைக் குடித்துவிட்டு விமானம் ஏறினேன்.

3

அந்தப் பணத்தில்தான் மனை வாங்கினேன். திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற சாலையில், வயதான காலத்தில் ஊர் திரும்பி ஒரு வீடு கட்டிக்கொண்டு உட்காரலாம் என்று. பங்காளி ஒருவர்தான் இடம் பார்த்து முடித்துக் கொடுத்தார். ஜோசியர் வழக்கம்போல் சொல்லிவிட்டார். எழுதினால் பூங்கொடி பேரில்தான் எழுத வேண்டும், என் பேருக்கு மண் ஒத்துவராது.

பத்திரத்துக்கு நாள் குறித்தாயிற்று. நான் வேலை இடத்தில் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டேன். பின்னால் ரிக் ஓடுகிற சத்தம். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"பூங்கொடி, மனைய உன்ற பேர்ல எழுதச் சொல்லீட்டேன். போயிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்திரு."

"ஏனுங்கண்ணா, எனக்குங்களா, இல்லப் பேருக்குங்களா?"

இந்த இடத்தில்தான் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். அவள் விளையாட்டுக்குக் கேட்கிற ஆள் இல்லை. பேருக்கு என்று சொன்னால் மாட்டேன் என்பாள், நாள் தள்ளிப்போகும், இடம் கைவிட்டுப் போகும். மேஸ்திரி வேறு என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கில்லாம வேற யாருக்குச் சாமி?" என்றேன்.

"செரீங்கண்ணா. ஆபீசுல சொல்லிட்டுத்தான் வாங்கோணும். காசு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க, என்னன்னு எழுதட்டுங்க?" என்றாள். குரல் கரகரத்தது. லைன் சரியில்லை என்று நினைத்தேன்.

"அண்ணன் குடுத்ததுன்னு எழுதிக்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

எழுதினாள். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறம் கேட்ட போதெல்லாம் அப்படியே எழுதினாள். மனைக்கு வேலி போட்டாள். முள் வெட்டினாள். வரி கட்டினாள். இரண்டு தென்னம்பிள்ளை வைத்து, பாளை விட்டதும் படம் எடுத்து அனுப்பினாள். 'என் இடத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் பார்' என்று என் மனைவியிடம் காட்டிக் காட்டிப் பூரித்துப்போவேன். அட முட்டாளே, அவள் தன் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

ஹெதர் படிவத்தைக் கொடுத்தபோது எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. நம் ஊர் டீக்கடையில் சிரித்தோமே, நாம் அப்படி இருக்கக் கூடாது, ஒரு செங்கல் விடாமல் எழுதிவிட வேண்டும் என்று. வீடு, கார், சேமிப்பு எல்லாம் எழுதிய பிறகு திருச்செங்கோட்டு மனை நினைவுக்கு வந்தது. அதை எப்படி எழுதுவது என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"ஊரில் என் தங்கை பேரில் ஒரு நிலம் இருக்கிறது மேடம். பணம் என்னுடையது."

"நாளைக்கு அதை விற்றால் பணம் யாருக்குப் போகும்?" என்று கேட்டார்.

"எனக்குத்தான்."

"அப்படியானால் உங்களுடையதுதான். பேர் யாருடையதாக இருந்தாலும் எழுதிவிடுங்கள்."

எவ்வளவு சுலபமாக இருந்தது! 'திருச்செங்கோடு, இந்தியா. வீட்டு மனை. சகோதரியின் பேரில் உள்ளது, உரிமை எனக்கு.' எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மனைவிகூட, "அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதக் கூடாதா?" என்றாள். "உண்மையை எழுத யாரைக் கேட்கணும்?" என்று வசனம் பேசினேன்.

அதோடு நின்றிருந்தாலும் தப்பித்திருப்போம். என் விவரம் இணையத்தில் வந்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்து எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'பாருங்கள், பதவியில் இருப்பவர்கள் இங்கே எப்படி வெளிப்படையாக இருக்கிறார்கள்' என்று ஒரு பிரசங்கம் வேறு. கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்தன. பூங்கொடி மட்டும் ஒன்றும் போடவில்லை. அவளுக்கு ஆபீசில் வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

5

என் தங்கை இப்போது துணை வட்டாட்சியர். ஏரியில் அனுமதி இல்லாமல் மண் அள்ளிய ஒருவரின் டிப்பர் லாரிகளைப் பிடித்து நிறுத்தி, யார் யாரோ போன் பண்ணியும் விடாமல் இருந்திருக்கிறாள். அந்த ஆளுக்கு எங்கள் குழுவிலிருந்தே யாரோ என் பக்கத்தை அனுப்பிவிட்டார்கள். அவர் சும்மா இருப்பாரா? தமிழில் மொழிபெயர்த்து, மேலே மனுக் கொடுத்துவிட்டார். 'அண்ணன் அன்பளிப்பாகக் கொடுத்தது என்று இந்த அம்மாள் எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணனோ அது தன்னுடையது என்று வெளிநாட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். யார் சொல்வது பொய்?' கேள்வி நியாயமானதுதான். ஆபீசில் அவளிடம் விளக்கம் கேட்டார்கள்.

வட்டாட்சியர் பதவி உயர்வுக்கான பேனல் பட்டியலில் அந்த வருஷம் அவள் பேர் வர வேண்டும். குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் வராது. இதெல்லாம் பிற்பாடு பங்காளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் கூப்பிட்டபோது அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இங்கே இரவு, அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. மனு, விளக்கம், எல்லாவற்றையும் ஏதோ அடுத்தவர் வீட்டு விஷயம் மாதிரி நிதானமாகச் சொல்லி முடித்தாள். நான் அந்த மண் அள்ளுகிறவனைக் கண்டபடி திட்டினேன்.

"அவரை விடுங்கண்ணா. அவரு கேட்டது ஒண்ணும் தப்பில்லீங்க." அப்புறம் கேட்டாள். "நீங்க அதுல எழுதியிருக்கறது நெசந்தானுங்களா?"

"எதைக் கேக்கற கண்ணு?"

"மனை உங்களுதுன்னு எழுதியிருக்கீங்களே. நான் எனக்குக் குடுத்தீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க."

ஆமாம் என்றால் அவளை ஏமாற்றியவன் ஆகிறேன். இல்லை என்றால் இங்கே பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் ஆகிறேன். எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். "கொஞ்சம் டைம் குடு சாமி, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"செரீங்கண்ணா. யோசிச்சே சொல்லுங்க" என்றாள்.

6

யோசித்தேன். அதைத்தான் என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

என்ன யோசித்தேன் என்று உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தச் சாலையில் மனை விலை எங்கேயோ போய்விட்டது என்று யோசித்தேன். இங்கே ரிடையர் ஆன பிறகு குளிரில் முடங்கிக் கிடக்க முடியுமா என்று யோசித்தேன். வேறு இடத்தில் ஒரு சின்ன மனையை அவளுக்கு வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். என் தங்கையின் வேலையும் மானமும் ஒரு தட்டில், வாசலில் இரண்டு தென்னை நிற்கிற ஒரு வீடு மறு தட்டில். அந்தத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தேன்.

என் மகள் இனியா இங்கேயே வளர்ந்தவள். அத்தையோடு வீடியோவில் 'எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா' என்பதைத் தாண்டி அவளுக்குத் தமிழ் ஓடாது. கல்லூரியிலிருந்து வந்தவளிடம் அவள் அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நேராக என்னிடம் வந்து இங்கிலீஷில் கேட்டாள்.

"அப்பா, நீங்க அத்தைக்குக் குடுத்தேன்னு சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன். ஆனா அது ஒரு பேச்சுக்கு. நம்ம ஊர்ல அப்படித்தான் சொல்றது. உனக்குப் புரியாது."

"அத்தை அதே ஊர்தானே அப்பா? அவங்களுக்கே புரியலையே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெரிய மனுஷியா நீ, உன் வேலையைப் பார் என்று கத்தினேன். அவள் தன் அறைக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று வெளிநாட்டில் வாழும் நாங்கள் ஓயாமல் புலம்புகிறோம். அன்றைக்கு அவள் விலகிப் போகவில்லை, நான்தான் விரட்டினேன்.

மறுநாள் காலையில் ஒரு தெளிவு வந்தது. அதைச் சொல்லிக்கொள்ளவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, அத்தனை தாமதமாக வந்தது. மனை அவளுடையதுதான் என்று ஹெதரிடம் திருத்தி எழுதிக் கொடுப்பது, தவறாக எழுதிவிட்டேன் என்று ஒப்புக்கொள்வது, பதவி போனால் போகட்டும். பூங்கொடிக்குப் போன் பண்ணி, "உன்றதுதான் கண்ணு, நான்தான் கிறுக்குத்தனமா எழுதிப்போட்டேன்" என்றேன்.

"நான் விளக்கம் குடுத்துட்டேனுங்கண்ணா."

"என்னன்னு?"

"அன்பளிப்புன்னு நான் நம்பீட்டேன், நான் நெனச்சது தப்பு, நெலம் அண்ணனுதுன்னு எழுதிக் குடுத்துட்டேனுங்க."

"ஏன் அவசரப்பட்ட? நான்தான் யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னனல்ல?"

"யோசிக்கோணும்னு சொன்னீங்களே, அப்பவே தெரிஞ்சு போச்சுங்க. எனக்குக் குடுத்திருந்தா அதுல யோசிக்க என்னங்க இருக்குது?"

"இப்பக் குடுக்கறேன் சாமி. இப்ப எழுதித் தாரேன்."

"இப்பக் குடுத்தா மனுப் போட்டதுக்குப் பொறவு குடுத்ததாத்தானுங்க ஆகும்" என்றாள். குரலில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. ஆபீசில் வருகிறவர்களுக்கு விதியை எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னாள். அவள் என்னைக் கோபித்துத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

7

பேனலில் அவள் பேர் வரவில்லை. அவளிடம் வேலை பழகிய ஒருவர் அவளுக்கு மேல் வட்டாட்சியராக வந்து உட்கார்ந்தார். விசாரணை முடிந்து, சரியாகத் தெரிந்துகொள்ளாமல் எழுதிவிட்டதற்கு ஒரு கண்டனத்தோடு விட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவள் பதிவேட்டில் அதுதான் முதல் கறுப்புப் புள்ளி. வைத்தது நான்.

விசாரணை முடிந்த கையோடு, ஆபீசில் தெரிவித்துவிட்டு, மனையை என் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். பத்திரச் செலவை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன், வாங்கவில்லை. பேரும் என்னுடையது, நிலமும் என்னுடையது. ஹெதருக்கு அதைத்தான் எழுத வேண்டும். எழுதினால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், இப்போது குழப்பமே இல்லை என்பார். மன்றத்தில் என்னை நேர்மையான ஆள் என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடலாம் போல இருக்கிறது.

நேற்றுப் பூங்கொடி கூப்பிட்டாள். அவள் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்திருக்கிறது. மாப்பிள்ளை குமாரபாளையம், நல்ல இடம். எப்போதும் போல அன்பாகத்தான் பேசினாள். என் மனைவியிடம் புடவை நிறம் பற்றிப் பேசினாள், இனியாவைக் கட்டாயம் கூட்டி வரச் சொன்னாள். எனக்கு நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. தாய்மாமன் சீர் என்று ஒன்று இருக்கிறதே, அதில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்று மனம் துள்ளியது.

"பாப்பாவுக்குக் கழுத்துக்கும் கைக்கும் மாமன் சீரா நான் போட்டுடறேன். நீ ஒண்ணும் வாங்காத" என்றேன்.

"நீங்க மொத ஆளா வந்து நில்லுங்கண்ணா. மாமன் இல்லாமக் கல்யாணமுங்களா? சீரு மட்டும் வேண்டாங்க."

"ஏஞ்சாமி, தாய்மாமன் வெறுங்கையோட வந்து நின்னா ஒறம்பரையெல்லாம் என்ன பேசும்?"

"அவிங்களுக்கு நான் சொல்லிக்கறேனுங்க. சீர்னு வாங்குனா ஆபீசுக்கு எழுதிக் குடுக்கோணுமுங்க."

"எழுதிக் குடேன். அதுல என்ன வந்துச்சு? அண்ணன் குடுத்ததுன்னு எழுது."

மெதுவாகச் சொன்னாள்.

"போன தடவையும் அப்படித்தானுங்கண்ணா எழுதுனேன்."